ஆன்லைனில் ஆடிய கோ ஆட்டத்தை இறக்கி அலசுவது எப்படி? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் கூடி கோ ஆடுகிறோம். மற்ற நாளெல்லாம் அவரவர் போனில், லேப்டாப்பில் ஆன்லைன் ஆட்டம். தோற்றவர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வருவார்கள்: "அண்ணே, இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது எப்படி?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அடித்து விரல் தேய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கோ என்றால் ஓடிப் பிடிக்கிற கோ-கோவா?

இல்லை. இது பலகை ஆட்டம். 19 கோடு குறுக்கே, 19 கோடு நெடுக்கே, மொத்தம் 361 சந்திப்புகள். கறுப்புக் கல்காரர் முதலில் வைப்பார், அப்புறம் வெள்ளை, மாறி மாறி. வைத்த கல் நகராது. நாலு பக்கமும் அடைபட்டால் பிடிபடும். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் சேர்ந்து புலியை அசையவிடாமல் அடைக்குமே, அந்த வேலையை இரண்டு பேருமே செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்தார்கள் என்பதுதான் கணக்கு. பழகுவதற்கு 9, 13 கோட்டுப் பலகைகளும் உண்டு.

ஆடிய ஆட்டம் பதிவாகும் எஸ்ஜிஎஃப் ஃபைல் என்கிறீர்களே, அதில் என்ன இருக்கிறது?

வெறும் எழுத்து. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். 1980களில் ஆண்டர்ஸ் கியருல்ஃப் என்பவர் தன் கோ புரோகிராமுக்காக உருவாக்கிய வடிவம் இது. இன்றைக்கு எல்லா கோ மென்பொருளும் இதைப் படிக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள். தலைப்பகுதியில் கறுப்பு யார், வெள்ளை யார், பலகை அளவு, கோமி எவ்வளவு, எந்த நாட்டு விதி, முடிவு என்ன என்று இருக்கும். கோமி என்பது இரண்டாவதாக வைப்பதற்கு ஈடாக வெள்ளைக்குக் கொடுக்கும் புள்ளி. தலைப்பகுதிக்குக் கீழே ஒரு அரைப்புள்ளி, யார் கல் என்று ஓர் எழுத்து, சதுர அடைப்புக்குள் இரண்டு சின்ன எழுத்து. இப்படியே கடைசிக் கல் வரைக்கும் போகும். அடைப்பு காலியாக இருந்தால் அவர் பாஸ் சொல்லிவிட்டார், அதாவது கல் வைக்காமல் தன் முறையை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அந்த இரண்டு எழுத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் இடறுகிறார்கள். ஃபைலில் கணக்கு மேல் இடது மூலையிலிருந்து தொடங்கும். முதல் எழுத்து இடமிருந்து எத்தனையாவது கோடு, இரண்டாவது எழுத்து மேலிருந்து எத்தனையாவது. 'கியூ, டி' என்று இருந்தால் இடமிருந்து 17, மேலிருந்து 4. ஆனால் திரையில் தெரியும் பலகையில் அதே இடத்துக்கு 'ஆர் 16' என்று பெயர். ஏன்? பலகையின் ஓரத்தில் 'ஐ' என்ற எழுத்தைத் தாண்டிவிடுவார்கள், எண்களும் கீழிருந்து மேலே ஏறும். ஃபைலில் எதையும் தாண்டுவதில்லை. ஃபைல் தப்பு என்று நினைத்து ஒரு தம்பி ராத்திரி முழுக்க ஒவ்வொரு கல்லாகத் 'திருத்தி'வைத்த கதை எங்கள் மாடியில் உண்டு.

ஆடிய ஆட்டத்தை எங்கிருந்து எடுப்பது?

ஓஜிஎஸ் என்ற ஆன்லைன் கோ தளத்தில் ஆடினால் மிகச் சுலபம். முடிந்த ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கும். போனில் அது கீழே போயிருக்கும். அதில் எஸ்ஜிஎஃப் இறக்கு என்பதைத் தட்டினால் வந்துவிடும். கேஜிஎஸ் சர்வரில் ஆவணப் பக்கம் இருக்கிறது. உங்கள் பயனர் பெயரைப் போட்டால் மாத வாரியாக ஆட்டங்கள் வரும். ஒரு மாதத்தை மொத்தமாக ஜிப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். சீன, கொரிய சர்வர்களில் பெரும்பாலும் அவர்களுடைய விண்டோஸ் மென்பொருளுக்குள் ஆட்டத்தைத் திறந்து சேமிக்க வேண்டும். கொரிய சர்வர்களின் ஃபைல் ஜிஐபி, என்ஜிஎஃப் என்று முடிந்தால் பதற வேண்டாம். கீழே சொல்லும் காட்ரெய்ன், சபாகி மென்பொருள்கள் அவற்றையும் நேராகவே திறக்கும்.

எந்த மென்பொருளைப் போடலாம்?

இரண்டு போதும், இரண்டுமே இலவசம்.

காட்ரெய்ன். இதற்குள்ளேயே காட்டாகோ என்ற எஞ்சின், அதாவது எந்தக் கல் நல்லது என்று கணக்குப் போடும் ஏஐ, இருக்கிறது. 2019இல் டேவிட் வூ வெளியிட்டது, இன்றைக்கு நமக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் இதை மிஞ்ச ஆள் இல்லை. தனியாக எதையும் இணைக்கத் தேவையில்லை. ஃபைலை இழுத்து ஜன்னலில் போட்டால் ஆட்டம் திறக்கும். இன்னொரு குறுக்கு வழி: ஃபைலின் எழுத்து முழுவதையும் காப்பி செய்து, காட்ரெய்னில் கன்ட்ரோல்-வி அழுத்தினாலும் வந்துவிடும். வாட்ஸ்அப் வெப்பில் யாராவது ஆட்டத்தை எழுத்தாகவே அனுப்பினால் இதுதான் கை கொடுக்கும்.

சபாகி. பார்க்க அழகு, குறிப்பு எழுத வசதி. எஞ்சின் இல்லாமல் வரும். வேண்டுமென்றால் காட்டாகோவை நாமே சேர்த்துக்கொள்ளலாம். எஞ்சின் இல்லாமல் இருப்பதுதான் இதன் பலம் என்பது என் கட்சி. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

என்னிடம் போன் மட்டும்தான். என்ன செய்வது?

ஏஐ சென்செய் தளத்தை பிரவுசரிலேயே திறக்கலாம். எஸ்ஜிஎஃப் ஃபைலை ஏற்றினால் அவர்கள் கம்ப்யூட்டர் அலசிக் கொடுக்கும். இலவசக் கணக்குக்கு அளவு உண்டு. ஆண்ட்ராய்டில் படுக் ஏஐ என்ற ஆப் போனிலேயே காட்டாகோவை ஓட்டும். போன் சூடாகும், சார்ஜ் இறங்கும். ஓஜிஎஸ்ஸிலும் முடிந்த ஆட்டத்துக்குச் சுருக்கமான அலசல் கிடைக்கும். ஆரம்ப நிலைக்கு அதுவே தாராளம்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் ஓடுமா?

ஓடும், நொண்டிக்கொண்டு ஓடும். காட்டாகோவில் ஓபன்சிஎல் என்றொரு பதிப்பு, ஐகன் என்றொரு பதிப்பு. முதலாவது கிராபிக்ஸ் சிப்புக்கு, இரண்டாவது வெறும் சிபியுவுக்கு. ஓபன்சிஎல் பதிப்பு முதல் தடவை திறக்கும்போது தன்னைத்தானே சீர்செய்துகொள்ளச் சில நிமிடம் எடுக்கும். திரை உறைந்துவிட்டது என்று ஆஃப் செய்துவிடாதீர்கள், பொறுங்கள். சிபியுவில் ஓட்டுகிறவர்கள் எஞ்சினின் மூளையான நியூரல் நெட்வொர்க் ஃபைலில் சின்னதைப் போடுங்கள். ஒரு கல்லுக்கு எத்தனை தடவை யோசிக்க வேண்டும் என்ற எண்ணிக்கையை 500இலிருந்து 100க்கு இறக்குங்கள். நம் தப்புகளைக் கண்டுபிடிக்க 100 போதும். அதைக்கூடத் தாண்டி ஒளிந்துகொள்ளும் அளவுக்கு நுணுக்கமான தப்பை நான் இன்னும் செய்ததில்லை.

எஞ்சின் முதல் கல்லிலிருந்தே கறுப்பு ஜெயிக்கிறது என்கிறதே, ஏன்?

கோமியைப் பாருங்கள். இந்தக் கேள்விக்குப் பத்துக்கு எட்டு தடவை பதில் இதுதான்.

என் அக்கா பையன் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் இருக்கிறான். ஒரு தடவை போன் செய்தான். "மாமா, நான் கறுப்பு. ஆட்டம் முழுக்க நான்தான் முன்னால இருந்திருக்கேன், எஞ்சினே சொல்லுது. கடைசில எப்படி மாமா தோத்தேன்?" ஃபைலை அனுப்பச் சொல்லித் திறந்தேன். தலைப்பகுதியில் கோமி 0. உண்மையில் ஆடியது 7.5க்கு. ஏதோ ஒரு ஆப் வழியாக மாற்றும்போது அது விழுந்துவிட்டது. எண்ணைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால், 30ஆவது கல்லிலிருந்தே பையன் பின்னால்தான். "மாப்ளே, நீ முன்னாலயே இல்லப்பா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சில சீன ஃபைல்களில் கோமி 375 என்று இருக்கும். பயந்துவிடாதீர்கள், வெள்ளைக்கு 375 புள்ளி இனாம் இல்லை. சீனக் கணக்கில் கோமியைக் கல்லாகச் சொல்வார்கள், 3.75 கல் என்பதைப் புள்ளி இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். நம் கணக்கில் அது 7.5 புள்ளி. நோட்பேடில் திறந்து மாற்றிச் சேமித்தால் முடிந்தது.

விதியையும் ஒரு பார்வை பாருங்கள். ஜப்பான் விதிக்கு வழக்கமான கோமி 6.5, சீன விதிக்கு 7.5. இரண்டும் கலந்துவிட்டால் நெருக்கமான ஆட்டத்தில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தவரே மாறிவிடுவார். கை கொடுத்து ஆடிய ஆட்டம் என்றால், அதாவது பலம் குறைந்தவருக்கு முன்கூட்டியே இரண்டு, மூன்று கறுப்புக் கல் வைத்துத் தொடங்கினால், அங்கே முதலில் ஆடுவது வெள்ளை. கோமி பெரும்பாலும் 0.5 அல்லது 0. அந்த ஃபைலில் 0 இருந்தால் அது தப்பில்லை.

பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. தமிழில் குறிப்பு எழுதினாலும் அப்படித்தான் ஆகுமா?

ஃபைல் எந்த எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாததால் வரும் கோளாறு. பழைய சீன, கொரிய ஃபைல்களில் அடிக்கடி நடக்கும். குறியாக்கத்தை மாற்றிக் கொடுக்கும் எடிட்டர் ஒன்றில் திறந்து யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். தலைப்பகுதியில் சிஏ என்ற இடத்திலும் யுடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் தமிழ்க் குறிப்பு அட்டகாசமாகத் தெரியும். நான் எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதுகிறேன். கையால் திருத்தும்போது ஒன்றில் மட்டும் கவனம்: குறிப்புக்குள் மூடும் சதுர அடைப்பு வந்தால் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். இல்லையென்றால் குறிப்பு அங்கேயே முடிந்துவிட்டது என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும், மிச்ச ஆட்டம் அம்பேல்.

ஃபைலை ஏற்றியதும் எஞ்சினை ஓட்டிவிடலாமா?

வேண்டாம். எங்கள் மாடியில் நான் சண்டை போடும் ஒரே விஷயம் இது.

ஃபைலுக்கு என்ன தெரியும்? எந்தக் கல்லை எங்கே வைத்தீர்கள் என்பது மட்டும் தெரியும். ஏன் அங்கே வைத்தீர்கள் என்பது அதில் இல்லை; அது உங்கள் மண்டையில் இருக்கிறது, அதுவும் ஒரு ராத்திரிதான் இருக்கும். தூங்கி எழுந்தால் போய்விடும். எஞ்சினைத் திறந்த நொடியே அது சொன்னதுதான் நீங்களும் நினைத்தது என்று மனசு கதை கட்டிவிடும். அதனால் முதலில் சபாகியில் திறந்து, நினைவு இருக்கும்போதே நாலைந்து இடத்தில் ஒற்றை வரி எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம்.

அக்கா பையனின் ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். 61ஆவது கல்லில் அவன் எழுதியது: "மூணு வெள்ளையை வெட்டியாச்சு, ஜாலி." 73இல்: "ஐயோ, சொதப்பிட்டேன், இங்கதான் தோத்தேன்." அப்புறம் காட்ரெய்னில் ஓட்டினோம். 73இல் இழப்பு அரைப் புள்ளிகூட இல்லை. 61இல் ஊதா நிறப் பொட்டு, 14 புள்ளி காலி. அந்த மூணு வெள்ளையும் ஏற்கெனவே செத்த கல்; எங்கேயும் ஓடப்போவதில்லை. செத்த பாம்பை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் எதிராளி வலப்பக்கம் பெரிய இடத்தை எடுத்துவிட்டான். எஞ்சினை மட்டும் பார்த்திருந்தால் "61 தப்பு" என்பதோடு போயிருக்கும். குறிப்பு இருந்ததால் இவனுடைய வியாதியே தெரிந்தது: கல்லைப் பிடித்தால் சந்தோஷம், எவ்வளவு இடம் போகிறது என்று பார்ப்பதில்லை. பழைய ஆட்டங்களைப் புரட்டினோம். நாலில் இதே கதை.

அந்தக் கலர்ப் பொட்டுகளுக்கு என்ன அர்த்தம்?

ஒவ்வொரு கல்லும் எத்தனை புள்ளியை இழந்தது என்பதை நிறம் சொல்கிறது. பச்சை நல்லது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று போய் ஊதாவில் முடியும். காட்ரெய்ன் வழக்கமாக 12 புள்ளிக்கு மேல் போனால் ஊதா போடும், 6க்கு மேல் சிவப்பு. கியூ நிலையில் இருப்பவர்கள், அதாவது டான் பட்டம் எட்டாதவர்கள், சிவப்பையும் ஊதாவையும் மட்டும் பார்த்தால் போதும். ஒரு ஆட்டத்துக்கு மூன்று கல். மஞ்சளைத் துரத்தினால் விடிந்துவிடும்.

வெற்றி சதவீதத்தை நான் மறைத்தே வைத்திருக்கிறேன். 95 சதவீதம் என்று காட்டும், நீங்கள் தோற்பீர்கள். அந்த 95, அந்த நிலையிலிருந்து எஞ்சினும் எஞ்சினும் ஆடினால் என்ற கணக்கு. நீங்களும் நானும் ஆடினால் அது வேறு கணக்கு.

எஞ்சின் காட்டும் கல் ஏன் என்றே புரியவில்லையே?

புரியாவிட்டால் விட்டுவிடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். 2016 மார்ச்சில் சியோலில் கூகுளின் கோ ஆடும் ஏஐ ஆல்ஃபாகோவும் கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலும் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், ஆல்ஃபாகோ 37ஆவது கல்லை வைத்தபோது நேரலையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே திகைத்துப்போனார்கள். நமக்கு மட்டும் உடனே விளங்குமா? எஞ்சின் சொன்ன இடத்தில் கல்லை வைத்து, எதிராளி பதில் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அடுத்த அடியை அதனிடமே கேளுங்கள். பல சமயம் அதிலேயே காரணம் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அடுத்த சிவப்புப் பொட்டுக்குப் போங்கள்.

அந்த ஐந்து ஆட்டங்களின் எஸ்ஜிஎஃப் ஃபைலும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். 4-1 என்று லீ தோற்றார். ஜெயித்த அந்த ஒன்று நாலாவது ஆட்டம், 78ஆவது கல். உங்கள் ஆட்டத்தைத் திறப்பது போலவே அதையும் திறந்து பார்க்கலாம்.

ஆட்டம் நடக்கும்போதே எஞ்சினில் போட்டுப் பார்த்தால்?

அது திருட்டு. சர்வரில் கணக்கை முடக்குவார்கள். ஒரு கல்லுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று நிதானமாக ஆடும் ஆட்டத்தில் ஓஜிஎஸ்ஸில் ஜோசெகி அகராதியை, அதாவது மூலையில் வழக்கமாக ஆடும் வரிசைகளின் தொகுப்பை, பார்க்கலாம்; எஞ்சினுக்கு அங்கேயும் அனுமதி இல்லை.

ஏற்காட்டில் சிக்னலே நிற்பதில்லை. இதெல்லாம் அங்கே நடக்குமா?

அலசலுக்கு நெட்டே வேண்டாம். காட்ரெய்னையும் நெட்வொர்க் ஃபைலையும் ஒரு தடவை கீழே இறக்கி பென்டிரைவில் கொண்டுபோனால் போதும், மழையில் டவர் விழுந்தாலும் ஓடும். ஆட்டத்தின் ஃபைலோ சில கிலோபைட்தான்; ஒரு காலை வணக்கப் படத்தின் எடையில் நூறு ஆட்டம் அனுப்பிவிடலாம். ஒரு கோடு சிக்னல் இருந்தாலே வாட்ஸ்அப்பில் போய்விடும். சில போனில் அந்த ஃபைலை எதில் திறப்பது என்று தெரியாமல் முழிக்கும். அதற்குள்ளிருக்கும் எழுத்தையே காப்பி செய்து மெசேஜாக அனுப்புங்கள்.

நேரக் கெடு உள்ள ஆட்டத்தை மட்டும் மலைப்பாதை பஸ்ஸில் ஆரம்பிக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு. எதில் சிக்னல் போகும் என்று டிரைவருக்கும் தெரியாது. முடிவு என்ற இடத்தில் 'நேரத்தில் தோல்வி' என்று பதிவாகி, அலசவும் ஒன்றும் மிஞ்சாது. மலைக்கு நிதான ஆட்டம்தான் சரி.

ஃபைல்களை எப்படி அடுக்கிவைப்பது?

தேதி, எதிராளி பெயர், என் கல் நிறம், முடிவு. இந்த வரிசையில் பெயர் வையுங்கள். ஆண்டை முன்னால் போட்டால் தானாகவே வரிசைப்படும். அப்புறம் இன்னொரு இடத்தில் ஒரு நகல். ஒரு தடவை லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தேன். கடைக்காரர் என்னைக் கேட்காமலே ஃபார்மேட் அடித்துவிட்டார். ஆட்டங்களைச் சர்வரிலிருந்து மறுபடி இறக்கிக்கொண்டேன். இரண்டு வருடம் கல் கல்லாக எழுதிய குறிப்புகள் எந்த சர்வரிலும் இல்லை.

நேரில் ஆடும் ஆட்டத்தை எப்படி ஃபைலாக்குவது?

ஒருவர் ஆடும்போது இன்னொருவர் போனில் சும்மா ஒரு பலகையைத் திறந்து கூடவே தட்டிக்கொண்டு வரலாம். ஆள் இல்லையென்றால் கட்டம் போட்ட தாளில் 1, 2, 3 என்று எண் எழுதி, பிறகு சபாகியில் ஏற்றலாம். எங்கள் மாடியில் ஆரம்பத்தில் கல்லே கிடையாது. கறுப்புக்கு ஏற்காட்டிலிருந்து வந்த வறுத்த காபிக்கொட்டை, வெள்ளைக்கு மொச்சைக்கொட்டை, சாக்பீஸால் தரையில் 9 கோடு. காற்றடித்தால் காபிக்கொட்டை உருளும், எது எங்கே இருந்தது என்று தகராறு. அதற்காகவே ஒவ்வொரு கல்லையும் எழுத ஆரம்பித்தோம். அந்த முதல் ஆட்டத்தின் ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது, 38ஆவது கல்லுக்குப் பக்கத்தில் குறிப்பு: "இதை அக்கா பொண்ணு தின்னுட்டா, மறுபடி வச்சோம்."